கேட்டவர் எண்ணிக்கை

பெயர் ஹெய்க்கி. பின்லாந்துக்காரர்,
ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன்.
பெட்டியில் பாதி சட்டை, பாதி துண்டுப் பிரசுரம்.
விசாவில் சுற்றுலா என்றிருக்கிறது.
ஆங்கிலம் அவருக்கும் இரவல், எனக்கும் இரவல்.
இரண்டு இரவலுக்கு நடுவே புகுந்து
ஆண்டவர் காசிமேடு வந்து சேரவேண்டும்.

காலை ஏழு. ஏலம் ஓய்ந்து
ஐஸ் உடைக்கும் சத்தம் மட்டும் மிச்சம்.
டீசல் படிந்த தண்ணீரில்
ஒரு வானவில் கிழிவதும் ஒட்டுவதுமாக.

"ஓர் ஏரி" என்று தொடங்கினார்.
நான் "கடல்" என்றேன்.
ஏரி என்றால் இவர்களுக்குச் செம்பரம்பாக்கம்,
லாரித் தண்ணீர், குடம், சண்டை.
"புயல்" என்றார்.
"புயல்" என்றேன்.
வலை பின்னிய இருவரின் ஊசி நின்றது.
"அவர் படகின் பின்பக்கம் படுத்துத்
தூங்கிக்கொண்டிருந்தார்."
"ஆமா, அங்கதான் ஆட்டம் கம்மி"
என்று ஒருவர் ஒப்புக்கொண்டார்.

நான்கு முறை கிருபை என்றார் ஹெய்க்கி.
இரண்டை அப்படியே கொடுத்தேன்,
ஒன்றை இரக்கமாக்கினேன்,
இன்னொன்று
பின்னால் வந்த ஐஸ் வண்டியின் ஹாரனில் போயிற்று.

இறால் உரித்தபடி, தலை நிமிராமல், தேசம்மா:
"டீச்சர், அவர ஒன்னு கேளு.
எங்க வூட்டுக்காரு போனாரே, அன்னிக்கு ராவு
அந்த சாமி
எந்த போட்டுல தூங்கினு இருந்தாராம்?"

எட்டு வருடம் மொழிபெயர்க்கிறேன்.
'கணவரை இழந்தவர், ஜெபிக்கச் சொல்கிறார்'
என்று ஒரு வரி போதும்.
அவர் கண்ணை மூடுவார், கையை நீட்டுவார்,
யாராவது போட்டோ எடுப்பார்கள்.
புளியந்தோப்பில் ஒரு முறை செய்திருக்கிறேன்.
எண்ணூரில் இரண்டு முறை.
இன்று ஏனோ
எதையும் கழிக்காமல்
அவள் சொன்னபடியே அவர்முன் வைத்தேன்,
போட்டு உட்பட, ராவு உட்பட.

தொப்பியைக் கழற்றினார்.
சட்டைப் பையில் பதில்கள் அச்சிட்ட அட்டை உண்டு,
எனக்குத் தெரியும், நேற்று ஒத்திகை பார்த்தோம்.
கை பைவரை போனது.
வெறுங்கையாகத் திரும்பியது.
ஆங்கிலத்தில் மூன்று சொல் சொன்னார்.
தமிழுக்கு ஒன்று போதுமாயிருந்தது:
"தெரியலையாம்."

ஒரு தலை வாளியில் விழுந்தது.
"அத்த மொதல்லயே சொல்லிருக்கலாம்ல"
என்றாள் தேசம்மா.
இடுப்பை நகர்த்தி
கவிழ்த்த மீன்பெட்டியில் பாதி விட்டுக்கொடுத்தாள்.

உட்கார்ந்தார். முட்டி தாடையை இடித்தது.
தலையைத் திருகி, ஓட்டைக் கழற்றி,
முதுகு நரம்பை உருவிக் காட்டினாள்.
முதல் மூன்றைப் பிய்த்துப் போட்டார்.
நாலாவது தேறியது.
அதன்பிறகுதான் கேட்டார்,
அவர் பெயர் என்ன என்று.

"பன்னீரு."
"பனீர்" என்றார்.
"பனீர் கடையில விக்கிறது.
பன்... னீரு. அழுத்திச் சொல்லு."
என்னை இருவரும் பார்க்கவில்லை.
நான் ஈ விரட்டிக்கொண்டிருந்தேன்.

மாலை வண்ணாரப்பேட்டையில்
சபை உதவியாளர் படிவத்தை நீட்டினார்.
சந்தித்த இடம்: எழுதினேன்.
கொடுத்த பிரசுரம்: இல்லை.
கேட்டவர்கள் என்று அடுத்த கட்டம்.

கேட்டவர்கள்.
செவிகொடுத்தவர்களா,
கேள்வி வைத்தவர்களா?
பேனா முனை அங்கேயே நின்று
ஒரு புள்ளி ஊறிப் பெரிதாயிற்று.
"சீக்கிரம் சிஸ்டர், ஆறு மணிக்கு மெயில் போகணும்."
ஒன்று என்று போட்டேன்.
அது யார் என்று எழுத
படிவத்தில் இடமில்லை, நல்லவேளை.

செருப்பை மாட்டும்போது
உள்ளறையில் ஹெய்க்கி ஜெபிக்கும் சத்தம்.
அவருடைய சொந்த மொழி, நீளநீளமான சொற்கள்,
ஒன்றும் பிடிபடவில்லை,
நடுவில் வந்த அந்த ஒரு பெயரைத் தவிர.

அழுத்தம் சரியாக இருந்தது.